மூணாவது கம்பி எங்கே போச்சு?

கீஸர் வாங்கியது அம்மாவுக்காக என்றுதான் வீட்டில் அறிவிப்பு. மார்கழியில் ஊரிலிருந்து வருகிறாள். முழங்கால் வலி. விடியற்காலை நாலரைக்குக் குளிக்காவிட்டால் அவளுக்கு அன்றைய தேதியே ஆரம்பமாகாது. உண்மையில் அது யாருக்காக என்பது எனக்கும் என் முதுகுக்கும் மட்டும் தெரியும்.

சின்ன வயதில் எங்கள் வீட்டில் செம்பு பாய்லர் இருந்தது. நடுவில் ஒரு குழாய், அதற்குள் அடுப்புக்கரி, சுற்றிலும் தண்ணீர். பற்ற வைப்பது அப்பா டிபார்ட்மென்ட். புகை, இருமல், கண்ணீர் என்று சகல மரியாதைகளுடன் வெந்நீர் வரும். அதில் ஒரு சௌகரியம், ஆபத்து எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். சிவப்பாக இருக்கிற இடத்தில் கை வைக்காதே, அவ்வளவுதான் சட்டம். கீஸரிலோ சமாசாரம் முழுக்க வெள்ளைப் பெட்டிக்குள் ஒளிந்துகொண்டு, ஒரே ஒரு சிவப்பு விளக்கைக் காட்டிச் சிரிக்கிறது.

15 லிட்டர், 2000 வாட். ஸ்டார் முத்திரை, ஐ.எஸ்.ஐ. முத்திரை எல்லாம் பார்த்துத்தான் வாங்கினேன். மூன்று நாள் முன்னாலேயே தெருமுனை எலெக்ட்ரிஷியன் ஒருவர் வந்து, பாத்ரூம் சுவரில் பெரிய மூணு பின் ஸாக்கெட் வைத்துக் காசு வாங்கிப் போயிருந்தார். சனிக்கிழமை மாலை கீஸர் மாட்டும் பையன் வந்தான். சுவரில் ட்ரில், இரண்டு போல்ட், இரண்டு வளையும் குழாய். இருபது நிமிடத்தில் முடித்து, குழாயைத் திறந்து காட்டினான். வெந்நீர்!

"எல்லாம் டெஸ்ட் பண்ணியாச்சா தம்பி?"

"சுடுதண்ணி வருதுல்ல ஸார்? வந்தா ஓகே ஸார்" என்றான். டீ செலவுக்கு வாங்கிக்கொண்டு பைக்கில் பறந்துவிட்டான்.

நியாயமாகப் பார்த்தால் அவன் சொன்னதில் தப்பில்லை. கீஸரின் வேலை வெந்நீர் தருவது. தந்தது. ஆனால் வெந்நீர் வருவதற்கு இரண்டு கம்பி போதும். பிளக்கில் இருப்பது மூன்று. இந்த எளிய கணக்கு, பி.காம். முதல் வகுப்பில் தேறிய எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.

நான் கவனித்தது வேறொன்றை. கீஸருக்கு அடியில், தண்ணீர் உள்ளே போகிற குழாயில், பித்தளையில் ஒரு சின்ன வால்வு. அதன் மூக்கிலிருந்து சொட்... சொட்... என்று தண்ணீர். புதுசு வாங்கி ஒரு மணி நேரம் ஆகவில்லை, அதற்குள் ஒழுகலா? மானப் பிரச்னையாகிவிட்டது. எம்ஸீல் வைத்து அந்த ஓட்டையை அடைத்துவிடலாம் என்று கடைக்குக் கிளம்பினேன். வாங்கிக்கொண்டு திரும்பும்போது மாடிப்படியில் கீழ் வீட்டு அண்ணாச்சி.

அண்ணாச்சி மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்து ரிட்டயரானவர். திருநெல்வேலிப் பக்கம். என் கையைப் பார்த்தார்.

"என்ன தம்பி, எம்ஸீலு?"

சொன்னேன்.

"அந்த ஓட்டைய அடைக்கப் போறீயளோ? நல்லாருக்கு. அப்படியே ஒரு திரியும் வச்சிருங்க. தீபாவளிக்கு ஆகும்."

அவர் விளக்கியது இது. தண்ணீர் சூடானால் விரியும். 15 லிட்டர் தண்ணீர் 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது சுமார் 200 மில்லி கூடிவிடும். ஒரு டம்ளர். அந்த ஒரு டம்ளர் எங்கே போகும்? வந்த வழியே திரும்பிப் போக முடியாது, அந்த வால்வு ஒருவழிப் பாதை. வெந்நீர்க் குழாய் மூடியிருக்கிறது. ஆகவே அழுத்தம் ஏறும்போது கொஞ்சம் வெளியே விடுவதற்காகத்தான் அந்த மூக்கு. கொதிக்கிற நேரத்தில் நாலு சொட்டு விட்டால் அது ஒழுகலில்லை, கடமை. கீஸர் அணைந்திருக்கும்போதும் விடாமல் ஒழுகினால்தான் கோளாறு. அதை அடைத்துவிட்டால், உள்ளே தெர்மோஸ்டாட்டும் ஒருநாள் பழுதாகி, அதற்கு மேலுள்ள கட்-அவுட்டும் கைவிட்டால், பாத்ரூமில் இருப்பது கீஸர் இல்லை, வெடிகுண்டு.

எம்ஸீலைப் பாக்கெட்டுக்குள் தள்ளினேன்.

"அது கெடக்கட்டும். எர்த்து பாத்தீயளா?"

"மூணு பின் பிளக் இருக்கே அண்ணாச்சி..."

அவர் என்னைப் பார்த்த பார்வையை, ஆடிட் டிபார்ட்மென்ட்டில் சிலரிடம் பார்த்திருக்கிறேன். "நாளைக்குக் காலையில வாரேன். அதுவரைக்கும் பிளக்க உருவி வச்சிருங்க. ஒருத்தரும் குளிக்கப் போக வேண்டாம்."

*

ஞாயிறு காலை ஒன்பதுக்கு அண்ணாச்சி வந்தார். காலில் ரப்பர் செருப்பு, கையில் டெஸ்டர், ஒரு ஹோல்டரில் மாட்டிய குண்டு பல்பு, அதிலிருந்து தொங்கும் இரண்டு நீள வயர்கள். பையிலிருந்து சின்ன டார்ச்.

முதலில் கரண்ட் பக்கமே போகவில்லை. கீஸரை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். பெட்டியும் 15 லிட்டர் தண்ணீரும் சேர்ந்தால் இருபது கிலோவுக்கு மேல். தலைக்கு மேலே தொங்குகிற சமாசாரம். அசையவில்லை. பிறகு வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டார். புஸ்ஸென்று காற்று, துப்பல், அப்புறம் சீராகத் தண்ணீர். இப்படிச் சீராக வந்தால்தான் டாங்க் நிரம்பியிருக்கிறது என்று அர்த்தம். நிரம்பாமல் ஸ்விட்ச் போட்டால் உள்ளே இருக்கிற ஹீட்டிங் எலிமென்ட் வெறும் வாணலி மாதிரி காய்ந்து கருகிவிடும். புதுசாக மாட்டும்போது மட்டுமல்ல, மாடி டாங்க் கழுவிய நாளிலும், குழாய் ரிப்பேருக்குத் தண்ணீரை நிறுத்திய நாளிலும் இதே ஜாக்கிரதை வேண்டும். குழாய் மூட்டுகளில் காய்ந்த பழைய காகிதத்தைச் சுற்றி வைத்தார். அரை மணி கழித்துக் காகிதம் நனையாமல் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத கசிவைக் காகிதம் காட்டிக்கொடுக்குமாம். (பழைய வாரப் பத்திரிகைதான். நான் எழுதிய பக்கமாக இல்லாமல் பார்த்துக்கொண்டேன்.)

அடுத்தது ஸாக்கெட். டெஸ்டரை முதலில் ஹாலில், கரண்ட் இருப்பது நிச்சயமாகத் தெரிந்த இடத்தில் வைத்து எரிகிறதா என்று பார்த்துக்கொண்டார். எரியாத டெஸ்டரை நம்பிக் கை வைத்தவர்கள் கதை அவரிடம் நிறைய இருக்கிறது. ஒன்றுகூட நல்லபடியாக முடிவதில்லை. அப்புறம் பாத்ரூம் ஸாக்கெட். வலது துளையில் டெஸ்டர் எரிந்தது. இடது துளையிலும் மேல் துளையிலும் எரியவில்லை. சரியாகத்தான் இருந்தது.

அடுத்து குண்டு பல்பு. இதை வாசகர்கள் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம், தெரிந்தவர் செய்வதைத் தள்ளி நின்று பார்ப்பதே உத்தமம். பல்பின் ஒரு வயரை ஃபேஸிலும் மற்றதை நியூட்ரலிலும் தொட்டார். பளீரென்று எரிந்தது. பிறகு இரண்டாவது வயரை மட்டும் மேல் துளைக்கு, அதாவது எர்த்துக்கு மாற்றினார். அதே பளீர்.

"எர்த் பக்கா!" என்று நான் கைதட்டாத குறை.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார். "தம்பி, இந்த பில்டிங்கு எத்தன வருசம் இருக்கும்?"

"இருபத்தஞ்சுக்கு மேலே."

"கீழ மோட்டார் ரூம் பக்கத்துல இருக்க எர்த்துக் குழிக்கு ஒரு தடவையாவது ஒருத்தராவது தண்ணி ஊத்தி நான் பாத்தது இல்ல. அந்த எர்த்துல பல்பு இம்புட்டு நல்லா எரிய நாயமே இல்லையே?"

மெயினை அணைத்தார். டெஸ்டரால் மறுபடி பார்த்துவிட்டு, ஸாக்கெட்டின் நாலு ஸ்குரூவைக் கழற்றி முன்னால் இழுத்தார். டார்ச் அடித்து, "இங்க வாங்க" என்றார்.

சுவருக்குள்ளிருந்து வந்தது இரண்டே வயர். சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. பச்சை இல்லை. கறுப்பு வயர் நியூட்ரல் முனையில் முடுக்கியிருந்தது. அங்கிருந்து இரண்டு அங்குலத்தில் ஒரு துண்டு வயர் வளைந்து போய் எர்த் முனையில் உட்கார்ந்திருந்தது.

அதாவது, எர்த் என்ற பெயரில் இருந்தது நியூட்ரல். மாறுவேஷம். பல்பு ஏன் அதே பிரகாசத்தில் எரிந்தது என்பது இப்போது புரிந்தது. இரண்டு தடவையும் அது ஒரே ஆளைத்தான் தொட்டுக்கொண்டிருந்தது.

இதனால் என்ன மோசம் என்று எனக்கு உடனே விளங்கவில்லை. நியூட்ரலைத் தொட்டால் ஷாக் அடிக்காது என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம்? அண்ணாச்சி பொறுமையாகச் சொன்னார். மெயின் போர்டிலோ, மீட்டர் பக்கத்திலோ நியூட்ரல் கம்பி ஒருநாள் லூஸாகிக் கழன்றுகொள்கிறது என்று வையுங்கள். பழைய வீட்டில் சர்வசாதாரணம். ஃபேஸ் மட்டும் வந்துகொண்டிருக்கிறது. அது எரிகிற நிலையிலிருக்கும் ஏதோ ஒரு பல்பு வழியாகவோ ஃபேன் வழியாகவோ வீட்டின் நியூட்ரல் கம்பிக்குள் வந்துவிடும். போக வழியில்லை, நிற்கும். 230 வோல்ட். அந்தத் துண்டு வயர் அதை அப்படியே கொண்டுபோய் கீஸரின் உடம்பில் ஏற்றும். கீஸரிலிருந்து இரும்புக் குழாய், ஷவர், டேப். நாம் போடுகிற சாதா ஸ்விட்ச் ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும். ஆகவே கீஸரை அணைத்திருந்தாலும் இதுதான் கதி.

இதில் உச்சம் என்னவென்றால், அந்த நேரத்தில் வீட்டில் விளக்கு எரியாது, ஃபேன் சுற்றாது. 'கரண்ட் போச்சு' என்று நாம் நிம்மதியாக ஈரக் கையோடு டேப்பைத் திருகுவோம்.

விடிகாலை நாலரை மணிக்கு, இருட்டில், டேப்பைத் தேடும் ஒரு கையை நினைத்துப் பார்த்தேன். வளையல் போட்ட கை. அப்புறம் கொஞ்ச நேரம் நான் ஜோக் எதுவும் அடிக்கவில்லை.

*

"மத்த ஸாக்கெட்டையும் பாத்துருவோமா?" என்றார் அண்ணாச்சி.

வீட்டில் மொத்தம் ஏழு மூணு பின் ஸாக்கெட். ஐந்தில் பச்சை வயர் ஒழுங்காக இருந்தது. ஆறாவது, பாத்ரூம். ஏழாவது சமையலறையில் கிரைண்டர் போடுகிற இடம். அதைக் கழற்றினால் எர்த் முனையில் வயரே இல்லை. மூன்றாவது துளை சும்மா அழகுக்கு.

என் மனைவி வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிரைண்டர் தொட்டா சுர்ருங்குதுன்னு நான் சொன்னேனே" என்றாள்.

சொல்லியிருக்கிறாள். இரண்டு வருஷமாகச் சொல்லியிருக்கிறாள். முதல் தடவை, "உனக்கு பிரமை" என்றேன். இரண்டாவது தடவை, நானே உலர்ந்த கையால் தொட்டுப் பார்த்து, "ஒண்ணுமில்லையே" என்றேன். மூன்றாவது தடவை ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் ரப்பர் செருப்பு வாங்கிக் கொடுத்து, பிரச்னை தீர்ந்தது என்று ஃபைலை மூடிவிட்டேன். ஈரக் கையும் ஈரத் தரையுமாக மாவு அரைக்கிறவளுக்கும், உலர்ந்த ஒரு விரலால் ஒரு விநாடி தொட்டுப் பார்க்கிற எனக்கும் வித்தியாசம் இருக்கிறது என்பது தோன்றவே இல்லை.

அண்ணாச்சி டெஸ்டரைத் துடைப்பதில் திடீரென்று மும்முரமானார். பெரிய மனுஷர்.

*

திங்கட்கிழமை லீவு போட்டேன். காரணம் 'உடல்நிலை' என்று எழுதினேன், ஒரு விதத்தில் நிஜம். அண்ணாச்சி தனக்குத் தெரிந்த லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரிஷியனை அழைத்து வந்தார். மெயின் போர்டிலிருந்து பாத்ரூம் வரை பச்சை வயர் புதிதாக இழுத்தார்கள். சமையலறைக்கும் ஒன்று. கீஸருக்கு 20 ஆம்பியர் டி.பி. ஸ்விட்ச், அதாவது ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துத் துண்டிப்பது, பாத்ரூமுக்கு வெளியே வந்தது. கணக்கு என் லெவலிலேயே புரிந்தது. 2000 வாட்டை 230-ஆல் வகுத்தால் சுமார் 8.7 ஆம்பியர். இதை அயர்ன்பாக்ஸ் போடும் சின்ன ஸாக்கெட்டிலோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ சொருகினால் அது உருகாமல் இருந்தால்தான் அதிசயம்.

கீழே எர்த்துக் குழியைத் தேடினோம். சிமென்ட் மூடியின் மேல் யாரோ ஸ்கூட்டர் நிறுத்தியிருந்தார்கள். திறந்தால் உள்ளே பாலைவனம். கம்பி சேருமிடத்தில் துரு. சுரண்டி, புது கிளாம்ப் போட்டு, நாலு பக்கெட் தண்ணீர் ஊற்றினோம். எங்கள் அசோசியேஷன் மீட்டிங்கில் காம்பவுண்டு சுவருக்கு கிரீம் கலரா சந்தனக் கலரா என்று நாற்பது நிமிடம் விவாதித்தது நினைவுக்கு வந்தது.

அப்புறம் போர்டில் ஆர்.சி.சி.பி. ஒன்று பொருத்தினார்கள். இதைத்தான் காமர்ஸ் படித்தவர்கள் எல்லோரும் நேசிக்க வேண்டும் என்கிறேன். ஏனென்றால் இது ஒரு ட்ரையல் பாலன்ஸ். ஃபேஸில் எவ்வளவு கரண்ட் போகிறதோ அவ்வளவும் நியூட்ரலில் திரும்பி வரவேண்டும். டெபிட்டும் கிரெடிட்டும் டாலி ஆக வேண்டும். போனதற்கும் வந்ததற்கும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால், யாரோ ஒருவர் உடம்பு வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ கரண்ட் கசிகிறது என்று அர்த்தம். கண் இமைப்பதற்குள் மெயினை அணைத்துவிடும். கீஸர் இழுப்பதில் சுமார் முந்நூறில் ஒரு பங்கு வரைக்கும்தான் கசிய விடும். நாம் ஆபீஸில் செய்வதுபோல 'வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போடு, அப்புறம் பார்க்கலாம்' என்கிற பேச்சே அதனிடம் இல்லை.

எம்.சி.பி. இருக்கிறதே, போதாதா என்று கேட்டேன். அது வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. 16 ஆம்பியர் எம்.சி.பி. 16-க்கு மேல் போனால்தான் கோபப்படும். மனிதன் அவ்வளவு தாங்க மாட்டான். கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்ஸீல் என்பவர், தொண்டர்களை வைத்துச் சோதித்தே இதைக் கண்டார். சராசரியாக ஆணுக்கு 16 மில்லி ஆம்பியரிலும் பெண்ணுக்குச் சுமார் 10.5-லும் தசைகள் இறுகிப்போய், பிடித்ததை விட முடியாமல் போகும். அமெரிக்க வீடுகளில் இதே கசிவுக் காவலுக்கு வைக்கிற கருவியை 1961-ல் உருவாக்கியவரும் அவர்தான். 'கரண்ட் பிடித்து இழுத்தது' என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். அது இழுப்பதில்லை, நம் கைதான் விடுவதில்லை.

ஆர்.சி.சி.பி. வந்துவிட்டதே, எர்த் எதற்கு என்றும் கேட்டேன். (கேள்விக்குக் காசில்லை.) எர்த் இருந்தால், கீஸரில் கசிவு ஆரம்பித்த அந்த நிமிடமே கணக்கு இடித்து மெயின் அணைந்துவிடும், யாரும் தொடவேண்டியதில்லை. எர்த் இல்லாவிட்டால், வித்தியாசம் வருவதற்கு ஒரு மனிதன் தொடும்வரை அது காத்திருக்கும். சோதனை எலியாக இருக்க எனக்கு விருப்பமில்லை. பிளக்கின் எர்த் பின் மட்டும் ஏன் நீளமாகவும் தடியாகவும் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சொருகும்போது முதலில் உள்ளே போவதும் உருவும்போது கடைசியில் வெளியே வருவதும் அதுவாக இருக்கவேண்டும்.

பிளக்கை உருவிய நிலையில் கீஸருக்கு மெக்கர் வைத்துப் பார்த்தார்கள். 500 வோல்ட் கொடுத்து இன்சுலேஷன் தாங்குகிறதா என்று பார்க்கிற மெஷின். "ஒரு மெகாஓமுக்குக் கீழ வந்தா பேசாம கம்பெனிக்குத் திருப்பி அனுப்பிருங்க" என்றார் வந்தவர். எங்கள் கீஸர் வெகு மேலே நின்றது. அதன்மேல் தப்பே இல்லை பாவம். பிறகு குண்டு பல்பை மறுபடி ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்தார். இந்தத் தடவை பல்பு எரியவில்லை. 'டப்'பென்று ஆர்.சி.சி.பி. விழுந்தது. வீடே இருண்டது. எல்லோரும் சந்தோஷமாகச் சிரித்தோம். கரண்ட் போனதற்காக நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

கடைசியாக ஸ்விட்ச் போட்டோம். பாத்ரூமில் யாருமில்லை, கதவு திறந்து, நான் வெளியே, உலர்ந்த கை. வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன். 15 லிட்டர் தண்ணீரை 28-லிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 0.56 யூனிட் வேண்டும். 2000 வாட் என்றால் 17 நிமிடத்துக்குக் கிட்டே. பெட்டி வழியாகப் போகிற சூட்டையும் சேர்த்தால் 20. எங்கள் கீஸர் 19-வது நிமிடத்தில் 'டிக்' என்று அணைந்தது. முப்பது, நாற்பது நிமிடம் ஆகியும் அணையவில்லை என்றால் தெர்மோஸ்டாட் தூங்குகிறது, உடனே நிறுத்திவிட வேண்டும். ஸ்விட்சை அணைத்துப் பிளக்கை உருவித் தொட்டுப் பார்த்தேன். லேசான சூடு, அவ்வளவுதான். கை வைக்க முடியாமல் சுட்டால் உள்ளே ஏதோ லூஸ்.

பித்தளை வால்வு நாலு சொட்டு விட்டிருந்தது. கடமை.

ஆர்.சி.சி.பி.யில் 'T' என்று ஒரு பட்டன் உண்டு. அதை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கச் சொன்னார் அண்ணாச்சி. விழ வேண்டும். அது ஆர்.சி.சி.பி.க்குத்தான் சோதனை, எர்த்துக்கு அல்ல என்பதையும் சேர்த்துச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தாலும், ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பதில் அவர் கறார். பக்கெட்டில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். 60 டிகிரி, தோலைச் சில விநாடிகளில் பதம் பார்த்துவிடும்.

அம்மா மார்கழி முதல் தேதி வந்தாள். கீஸரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். நான் நியூட்ரல், எர்த், டால்ஸீல் எல்லாம் விளக்கினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "ஏண்டா, இத்தனை பயத்தோட எதுக்குக் குளிக்கணும்? எனக்கு அடுப்புல ஒரு தவலை வெந்நீர் போட்டுக் குடு" என்றாள். நாலாம் நாள், கேஸ் தீர்ந்து போனபோதுதான் கீஸர் பக்கம் போனாள். அப்புறம் வெளியே வர முக்கால் மணி நேரம்.

கிரைண்டர் இப்போது சுர்ரென்பதில்லை. ஈரக் கையோடு தொட்டுப் பார்த்து மனைவியே சர்ட்டிஃபிகேட் கொடுத்துவிட்டாள். ஆனால் அந்த ரப்பர் செருப்பை மட்டும் தூக்கிப் போடவில்லை. கிரைண்டர் பக்கத்திலேயே, நான் காபிக்கு உள்ளே போகும்போது கண்ணில் படுகிற மாதிரி, வைத்திருக்கிறாள்.